பொதுக்கிணற்றுக்குப் பூட்டு

எங்கள் தெருச் சித்தி ஒருத்தி, இருபது வருஷமாக எலுமிச்சைத் தோட்டத்திலும் வயலிலும் கூலிக்கு மருந்தடித்தவள். கைத்தோல் உரிந்துபோச்சு, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குது. "ஏய்யா, நீ எம்.ஏ. படிச்சவன்தான, இந்த மருந்து மனுசனை என்ன செய்யும்னு பாத்துச் சொல்லு" என்றாள்.

வாசுதேவநல்லூரில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். கட்டுரை அகப்பட்டது. நம் நாட்டு மருந்தடிக்கும் கூலிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, நம் நாட்டு விஞ்ஞானிகள் எழுதியது. பத்து வரிச் சுருக்கம் மட்டும் காட்டினான். மீதிக்கு நாற்பது டாலர். 2025இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். சித்தி பத்து நாள் மண் சுமந்தால் ஒரு கட்டுரை. ரத்தம் அவளைப் போன்றவளுடையது. அது சொல்லும் சேதி மட்டும் அவளுக்கில்லை.

"தமிழ் படிச்ச ஒனக்கு விஞ்ஞானம் எதுக்குடே?" என்றார் ஒரு நண்பர். இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். இப்போது ஈயம் வேண்டாம், விலைச்சீட்டு போதும்.

இந்த வியாபாரத்தைப் பாருங்கள். ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் அரசினுடையது, அதாவது நம் வரி. எழுதுகிறவருக்குப் பதிப்பகம் காசு தருவதில்லை. சரிபார்க்கிற சக விஞ்ஞானிக்கும் பெரும்பாலும் தருவதில்லை. உரிமையை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, அதே கல்லூரிக்கே விற்கிறான். எல்சவியரை வைத்திருக்கும் கம்பெனியின் விஞ்ஞான வெளியீட்டுப் பிரிவு 2023இல் நூற்றுக்கு 38 லாபம் பார்த்தது.

அரசு என்ன செய்தது? 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கியது. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். அரசு நடத்தும் கல்லூரி மாணவனுக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பட்டம் வாங்கி வெளியே வந்தவனுக்கு? சித்திக்கு? கிணற்றைத் திறக்கச் சொன்னால், பூட்டுப் போட்டவனுக்கே கப்பம் கட்டி, சிலருக்கு மட்டும் வாளி கொடுத்திருக்கிறார்கள்.

'திறந்த அணுக்கம்', அதாவது யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்ற கோரிக்கை, 2002இல் புடாபெஸ்ட் அறிக்கையாக வந்தது. அதையும் வியாபாரி விழுங்கப் பார்க்கிறான்: படிக்கிறவன் தரவேண்டாம், எழுதுகிறவன் கட்டட்டும் என்கிறான். அதற்கு நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. முதல் தலைமுறையாகப் படித்து வரும் நம் பிள்ளை எங்கே போவான்? வாசல் மாறியது, காவல் மாறவில்லை.

எல்லாப் பூட்டையும் உடைத்தது சை-ஹப். 2011இல் கஜகஸ்தான் பெண் அலெக்சாண்டிரா எல்பாக்கியன் தொடங்கியது. எல்சவியர் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் 2020இல் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை முடக்கச் சொன்னது. பதிப்புரிமைச் சட்டம் அவர்கள் பக்கம் என்பது தெரியும். மகாடில் 1927இல் அம்பேத்கர் அள்ளிக் குடித்த சவுதார் குளத்தையும் தனியார் சொத்து என்றுதான் சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பொதுக்குளம் என்று தீர்ப்பு முடிய 1937 ஆயிற்று.

சென்னை சட்டசபையில் 1924இலேயே இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலையும் கிணறும் குளமும் யாவருக்கும் பொது என்று ஆக்கினார். ஊரில் கிணறு திறந்ததா? தீர்மானத்துக்குப் பிறகும் அடிபட்டோம். இங்கேயும் அதே கதை. தன் பணத்தில் நடந்த ஆராய்ச்சியை எல்லோரும் படிக்கும்படி களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று 2014லேயே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கொள்கை போட்டது. காகிதத்தில் இருக்கிறது, கட்டாயப்படுத்த ஆளில்லை.

முடியாத காரியமா? பெங்களூர் இந்திய அறிவியல் அகாதமி தன் இதழ்களைத் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. பிரேசில் 1997இல் சைலோ தொடங்கி, பொதுப்பணத்தில் நூற்றுக்கணக்கான இதழ்களை உலகத்துக்கே திறந்துவைத்திருக்கிறது.

எனவே நாம் சலுகை கேட்கவில்லை. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி வெளியான அன்றே பொதுவில் வைக்கப்படவேண்டும். வைக்காதவருக்கு அடுத்த நிதி கிடையாது என்று சட்டம் வேண்டும். யார் உடம்பைச் சோதித்தார்களோ அவர்களுக்கு அவர்கள் மொழியில் முடிவைச் சொல்லவேண்டும்.

சித்தி மறுபடி கேட்டாள்: "பாத்தியாய்யா, என்ன எழுதியிருக்கு?" பூட்டியிருக்கு என்றேன். "பூட்டுனா ஒடைக்கவேண்டியதுதான" என்றாள். அவள் கிணற்றுக்கு நின்ற தலைமுறை.