பொய்யனைக் கல் பிடிக்குமா?

லிங்கி ஆற்றை அடுத்த பெங்காலான் கெம்பாசில் துளையுள்ள கல்லொன்று நிற்கிறது. அத்துளையில் கையை நுழைத்துப் பொய் பேசினால், அது சுருங்கிக் கையைக் கவ்விக்கொள்ளுமாம். பக்கத்திலுள்ள பெருங்கற்களுக்கு வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர். அங்கு நினைவுகூரப்படும் பெரியவர் அகமது மஜ்னுவின் பொருள்களே கல்லாய்ச் சமைந்தன என்பது கதை. அவ்விடத்துக் கல்வெட்டு 1467-ஆம் ஆண்டைக் குறிக்கிறது.

இத்தகைய கற்களை நெகிரி செம்பிலான் மலாய் மக்கள் 'உயிருள்ள கல்' என்பர். அவை வளருமென்றும் நம்புவர். மழை மண்ணை அரித்துச் செல்ல, புதைந்திருந்தது வெளியே தெரியும் என்பதைப் பால்மரச் சரிவில் நடக்கும் எவரும் அறிவர். ஆயினும் கதை கட்டியவரை நாம் பழிக்கவில்லை. ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவன் கண்ணுக்குக் கல் சுக்கானாகத் தோன்றியதில் வியப்பென்ன? தமிழ்நாட்டுப் பழங்கல்லறைகளைப் பாண்டவர் குழி என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்லி வந்தவர்கள் நம்மவர்தாமே!

கதை கதையாய் இருக்குமட்டும் கேடில்லை. அது சாட்சிக் கூண்டில் ஏறும்போதுதான் நாம் எதிர்க்கிறோம். துளை யாரைக் கவ்வும்? பொய்யில் பழகியவன் பதறாமல் விட்டு எடுப்பான். பயந்தவனே வியர்த்து நடுங்கி, இழுக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வான்.

சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கிராணியாயிருந்தபோது, சங்கிலி திருடியதாக ஒரு பால்வெட்டும் அம்மாள்மீது பழி விழுந்தது. எல்லையிலிருந்த சாமிக்கல்லின் முன் அவளை நிறுத்தி, பொய் சொன்னால் கை விளங்காமற் போகும் என்று மிரட்டினார்கள். அந்த அம்மாள் கை நீட்டவில்லை. தீர்ப்பு முடிந்தது! இரண்டு பிள்ளைகளோடு லயத்தைவிட்டுப் போனாள். செக்ரோலில் அவள் பெயரை அடித்தவர் நாமே. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாமும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சங்கிலி உடையவள் வீட்டு அரிசித் தகரத்திலேயே கிடைத்தது. அந்த அம்மாளைத் தேடி யாரும் போகவில்லை. 'கல் பொய் சொல்லவில்லை, அவள்தான் பயந்தாள்' என்று சமாதானம் சொன்னார்கள்.

அந்தக் கல்லுக்குச் சிமெந்து மேடை கட்ட இவ்வாண்டு வசூல் நடக்கிறது. பட்டியலில் நம் பெயருக்கு நேரே ஐம்பது வெள்ளி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை அடித்துத் திருப்பியனுப்பினோம்.