கொப்பியின் கடைசிப் பக்கம்

உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குப் புதிதாக வந்த மாணவிகளின் இரசாயனவியல் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கொப்பியில் மூல் கணக்குகள் பத்தும் சரி. பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனபோது கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘மூல், மூலகம், மூலக்கூறு, மூலம். நாலும் ஒன்றா, வேறு வேறா?’ அதை அழித்துப் பார்த்திருக்கிறாள். முழுதாக அழியவில்லை.

பத்துக் கணக்கையும் சரியாகச் செய்த பிள்ளைக்கு, தான் எதைக் கணக்கிட்டோம் என்பது தெரியவில்லை. அவளிடம் அதற்குப் பிறகு பேசினேன். தனக்கு மட்டும்தான் இது விளங்கவில்லை, மற்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்த நாள் வகுப்பில் அதே கேள்வியைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். சிரித்தவர்கள் இருவர். பதில் சொல்லக் கை உயர்த்தியவர் எவருமில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரசாயனவியலைத் தொடங்கும் மாணவிகள் வெட்கப்பட்டு விழுங்கிவிடும் கேள்விகள்தாம் அந்தப் பாடத்தின் நடுநாடி. அவற்றைக் கேட்க விடாமல் கணக்கை மட்டும் பழக்குவது, அத்திவாரம் போடாமல் கூரை மேய்வதற்குச் சமம். அதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு, பெற்றோருக்கும் பங்கு உண்டு.

அந்த நாலு சொற்களையே எடுத்துக்கொள்வோம். ஒரே வகை அணுக்களால் ஆனது மூலகம். தங்கமும் ஒட்சிசனும் மூலகங்கள். அணுக்கள் பிணைந்து ஒன்றாக நிற்கும் துணிக்கை மூலக்கூறு. மூல் என்பது ஓர் எண்ணிக்கை, டசன் என்பது போல. மூலம் என்றால் அமிலத்தை நடுநிலையாக்குவது. சுண்ணாம்பு அதற்கு ஓர் உதாரணம். நாலும் நாலு திசை. ஆனால் தமிழில் நாலும் ஒரு வேரிலிருந்து முளைத்தவை போலத் தோன்றுகின்றன. பிள்ளை குழம்பினால் அது அவளுடைய மந்தம் அல்ல.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1875 இல் வெளிவந்த தமது தமிழ் இரசாயன நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டார். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் வாலொன்றை ஒட்டிவிட்டார். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை வேறெந்தச் சொல்லோடும் எவரும் குழப்பிக்கொள்ள முடியாது! நமது கலைச்சொற்கள் அழகானவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. அழகான சொல்லையும் ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டில் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்க்கிறார்கள். நல்ல பாடங்கள்தாம். ஆனால் நாம் திணிவு என்பதை அவர்கள் நிறை என்கிறார்கள். நமக்கோ நிறை என்றால் புவி இழுக்கும் விசை. அதற்கு அவர்கள் எடை என்கிறார்கள். நமது மூலகம் அங்கே தனிமம், நமது சேர்வை அங்கே சேர்மம், நமது தாக்கம் அங்கே வினை. இரண்டும் தமிழ், இரண்டும் சரி. இதை ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். சொல்லாவிட்டால், ‘டீச்சர் ஒன்று சொல்றாங்க, வீடியோவில வேற சொல்றாங்க’ என்று பிள்ளை இரண்டையும் நம்பாமல் விட்டுவிடுகிறாள். பிறகு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் எல்லாமே ஆங்கிலம். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போனவள் அங்கே வெறுங்கையோடு நிற்பாள். கருத்தைப் பிடித்தவளுக்குச் சொல்லை மாற்றிக்கொள்ள ஒரு மாதம் போதும்.

அணுவும் மூலக்கூறும் வேறா என்று கேட்பதை மடமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். ஜோன் டால்ட்டன் நீரில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் இருப்பதாகவே கொண்டார். 1811 இல் அவகாதரோ, வாயு மூலகங்களின் துணிக்கைகள் தனி அணுக்களாக இருக்க வேண்டியதில்லை, இரண்டிரண்டாகப் பிணைந்தும் இருக்கலாம் என்று காட்டினார். ஏறத்தாழ ஐம்பது வருடம் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஒரே சேர்வைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு சூத்திரம் எழுதினார்கள். கடைசியில் 1860 செப்டெம்பரில் ஜேர்மனியின் கால்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய இரசாயனவியலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடி, அணு என்றால் எது, மூலக்கூறு என்றால் எது என்று மூன்று நாள் விவாதித்தார்கள். கனிசாரோ என்ற இத்தாலியர் அவகாதரோவின் கருத்தை எடுத்து வைத்தார். பின்னாளில் ஆவர்த்தன அட்டவணையைத் தந்த மெண்டலீவும் அந்தச் சபையில் இருந்தார். ஆகவே, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய அந்தப் பிள்ளை, அறிஞர்கள் சபை கூட்டிக் கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள்.

மூல் பற்றிய கேள்வியும் அப்படித்தான். ‘ஏன் 6.022 × 10²³? வட்டமாக ஓர் எண்ணை எடுத்திருக்கலாமே?’ நியாயமான கேள்வி. அணுவை எவராலும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நிறுத்துத்தான் எண்ண வேண்டும். வன்பொருள் கடையில் ஆணி வாங்கப் போனால் எண்ணியா தருகிறார்கள்? தராசில் போடுகிறார்கள். ஓர் ஆணியின் திணிவு தெரிந்தால் ஒரு கிலோவில் எத்தனை ஆணி என்று சொல்லலாம். காபன் அணுக்கள் 12 கிராமில் எத்தனை இருக்குமோ அந்த எண்ணிக்கையை ஒரு மூல் என்றார்கள். எண்ணை முதலில் தீர்மானிக்கவில்லை, கிராமை முதலில் தீர்மானித்தார்கள். அதனால்தான் எண் வட்டமாக வரவில்லை. 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நிலையாக வைத்து மூலுக்கு வரைவிலக்கணம் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்குத் தன் பெயரைக் கொடுத்த அவகாதரோ 1856 இல் காலமானார். அதன் பெறுமானம் அவருக்குத் தெரியாது.

ஒரு மேசைக்கரண்டியில் நீரை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால் 18 கிராம் வரும். அது ஒரு மூல் நீர். ஒரு மூல் கறியுப்பு 58.5 கிராம். ‘இரண்டும் ஒரு மூல் என்றால் பாரம் ஏன் வித்தியாசம்?’ நூறு தேங்காயும் நூறு முட்டையும் எண்ணிக்கையில் ஒன்றுதான், தூக்கிப் பாருங்கள் என்று சொன்னால் முன்வாங்கிலும் பின்வாங்கிலும் ஒரே நேரத்தில் முகம் தெளிகிறது.

உப்பு என்றதும் நமது மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கடல்நீரிலிருந்து உப்பு எடுக்கும் முறை உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ளது. முதற் பாத்தியில் கல்சியங் காபனேற்று, அடுத்ததில் கல்சியஞ் சல்பேற்று, அதற்கடுத்ததில் உப்பு என்று எல்லோரும் ஒப்புவிக்கிறார்கள். நிலாவெளிப் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலால் உப்பளத்தைப் பார்த்தவர்களும் அவர்கள்தாம். இரண்டும் ஒன்றென்று பலருக்குத் தோன்றியதேயில்லை.

‘மழை காலத்தில் எங்கட வீட்டு உப்புப் போத்தல் ஏன் கசியுது டீச்சர்?’ என்று ஒரு பிள்ளை கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் இடித்தாள், இது பாடத்தில் இல்லை என்று. பாடத்தில் இருக்கிறது! ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமானதுதான் சோடியங் குளோரைட்டு. மிகுதியில் மகனீசியம் குளோரைட்டும் உண்டு. அது நீரில் நன்றாகக் கரைவதால் கடைசி வரை தாய்த்திரவத்திலேயே நிற்கும். கொஞ்சம் உப்போடு ஒட்டிக்கொண்டும் வரும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கைக்கும். உப்பளங்களில் வாரிய உப்பை மாதக்கணக்கில் குவித்து வைப்பது அதற்காகவே: ஈரத்தை இழுத்து, தானே கரைந்து, குவியலின் அடியால் வடிந்துபோகட்டும் என்று. கச்சான் காற்றில் விளைந்த உப்பு மாரியில் கசிவதன் கதை இவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் கொடுத்ததில் கரைதிறன், பளிங்காதல், நீர்மயமாதல் மூன்றும் வகுப்பில் வந்துவிட்டன.

‘உப்பு கரைவது பௌதிக மாற்றமா, இரசாயன மாற்றமா?’ என்பது வருடாவருடம் வருகிறது. பௌதிக மாற்றம் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் கேட்பவள் விடமாட்டாள்: ‘அயன்கள் பிரிந்துவிட்டனவே, பிணைப்பு உடைந்ததுதானே?’ உடைந்ததுதான். நீரை ஆவியாக்கினால் பழைய உப்பே திரும்ப வரும் என்பதால் பௌதிகம் என்கிறோம். இந்த இரண்டு பெட்டிகளும் நாம் வசதிக்காகச் செய்தவை, இயற்கை கோடு போட்டுத் தரவில்லை என்று ஒப்புக்கொள்வதில் ஆசிரியருக்கு எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்பவற்றில் சொல்லே பாதி எதிரி. ஏற்றம் என்றால் மின்னேற்றமும் நினைவுக்கு வரும். இலத்திரனைப் பெற்றுக்கொள்வதற்குத் தாழ்த்தல் என்று ஏன் பெயர்? பெற்றால் கூடத்தானே வேண்டும்? இலத்திரன் மறை ஏற்றமுடையது. அது வந்து சேரச் சேர ஒட்சியேற்ற எண் குறையும். இரும்பின் எண் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தாழ்த்தல். இதைச் சொன்ன பிறகு, துறைமுகத்தில் கரைக்கு ஏற்றிய கப்பலின் அடிப்பாகத்தில் நாகத் துண்டுகள் பொருத்தியிருப்பது ஏன் என்று கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்: இரும்புக்கு முந்தி நாகம் இலத்திரனைக் கொடுத்துத் தான் கரைந்துபோகிறது, கப்பல் தப்புகிறது. அப்படிப்பட்ட ஒரு வேலையில் இருக்கும் வாப்பாவின் மகள் அன்று வகுப்பில் எனக்கே பாடம் எடுத்தாள்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இனித்தான். ‘மகள் ஒன்றும் கேட்கமாட்டா, அமைதியான பிள்ளை’ என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். ஒழுக்கத்துக்கு அது பெருமைதான். ஆனால் அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி அவர்கள் புகழ்ந்தது அவர்களுடைய நாணத்துக்காக மட்டுமல்ல. மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அந்த நாணம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காக. மார்க்கத்திலேயே கேட்கலாம் என்றால் மூலக்கூறைப் பற்றிக் கேட்கக் கூடாதா? இந்தத் துறையின் பெயரே அரபு மொழியின் அல்-கிமியா வழியாக வந்தது. அல்கலி என்ற சொல் சாம்பலைக் குறித்த அல்-கலி. உம்மம்மாமார் சாம்பலால் சட்டி விளக்கியபோது எண்ணெய்ப் பிசுக்கு ஏன் போனது என்று ஒரு பிள்ளை கேட்டால், அது நம் வீட்டுக் கேள்வி.

தனியார் வகுப்புகளை நான் எதிர்க்கவில்லை. ஐம்பது பல்தேர்வு வினாக்களை இரண்டு மணித்தியாலத்தில் செய்து முடிக்கப் பயிற்சி தேவைதான். ஆனால் நூறு பேர், இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் கடைசிப் பக்கத்துக் கேள்வியை எவள் எழுந்து கேட்பாள்? பதினொராம் தரம்வரை நன்றாகப் படித்த பிள்ளை, இரண்டாம் தவணைக்குள் ‘எனக்கு இரசாயனம் வராது’ என்று பிரிவு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கலைப் பிரிவு எந்த வகையிலும் குறைந்ததல்ல. விரும்பிப் போவது வேறு, ஒரு சொல் விளங்காததால் பயந்து போவது வேறு.

இப்போது நான் கொப்பி திருத்தும்போது கடைசிப் பக்கத்தையும் பார்க்கிறேன். அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் ஒன்றில் இப்படி எழுதியிருந்தது: ‘புல்மோட்டையின் கறுப்பு மணலில் இருந்து வெள்ளை பெயின்ற் செய்யலாமாம். கறுப்பு எங்கே போகிறது?’ அதன் பக்கத்தில் ‘இரும்பு’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.