அம்பேத்கரைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

தேர்ந்தெடுத்த அரசை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழலாமா என்று கேட்டால் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "நீங்கதானே ஓட்டுப் போட்டீங்க? பிடிக்கலைன்னா அடுத்த தேர்தல் வரைக்கும் பொறுங்க!" கொஞ்சம் படித்தவர் என்றால் அம்பேத்கரையும் துணைக்கு இழுப்பார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாவற்றையும் இனி விட்டுவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்று அவரே சொல்லிவிட்டாராம்.

சொன்னார், உண்மைதான். ஆனால் அதே பேச்சில் ஒரு நிபந்தனையும் வைத்தார். அரசியல் சட்டப்படியான வழிகள் இல்லாத காலத்தில் அந்த முறைகளுக்கு நிறையவே நியாயம் இருந்தது. வழிகள் திறந்திருக்கும்போது அந்த நியாயம் இல்லை என்பதுதான் அவர் வாதம். முதல் பாதியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். என் கட்சி இந்த இரண்டாம் பாதிதான். ஆட்சியை இறக்கும் வழி திறந்திருக்கும்வரை பொறுக்கலாம். அந்த வழியையே ஆட்சி அடைத்துவிட்டால், பழைய ஓட்டைக் காட்டி நம்மை அடக்க அதற்கு உரிமை இல்லை.

வெறும் தத்துவம் பேசவில்லை. நம் நாட்டிலேயே நடந்தது. 1971-ல் இந்திரா காந்தி 352 இடங்களில் வென்று வந்தார். முழுக்க முழுக்க மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தல் செல்லாது என்றது. ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி 39-வது திருத்தம். 1976 மார்ச்சோடு முடிய வேண்டிய மக்களவையின் ஆயுள் இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது. சட்டவிரோதமாகச் சிறைவைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார்.

இப்போது சொல்லுங்கள்: "அடுத்த தேர்தல் வரைக்கும் பொறு" என்கிறீர்களே, எந்தத் தேர்தல்? "கோர்ட்டுக்குப் போ" என்றால் எந்தக் கோர்ட்?

"1977-ல் தேர்தல் வந்ததே, ஜனங்கள் ஓட்டாலேயே இறக்கினார்களே" என்று சிலர் மடக்குவார்கள். வந்தது. ஆனால் தேதி குறித்தவர் யார்? இந்திராவேதான். அவர் மனம் மாறாமல் இருந்திருந்தால்? ஆள்பவர் மனது வைத்தால் கிடைப்பதற்குப் பெயர் சலுகை, உரிமை அல்ல.

அடுத்த கேள்வி கொஞ்சம் வலுவானது. வழி அடைபட்டுவிட்டது என்று யார் முடிவு செய்வது? தோற்ற கட்சி ஒவ்வொன்றும் அப்படித்தானே கத்தும்? நியாயமான பயம். அதனால்தான் அளவுகோலைக் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களில் வைக்கச் சொல்கிறேன். தேர்தல் தள்ளிப்போடப்பட்டதா? எதிர்த்து நிற்கக்கூடியவர்கள் சிறையில் இருக்கிறார்களா? நீதிமன்றக் கதவு மூடப்பட்டதா? செய்தி வெளியே வர முடிகிறதா? விலைவாசி, ஊழல், பிடிக்காத சட்டம் இதெல்லாம் கோபப்படக் காரணங்கள். ஊர்வலம் போங்கள், வேலைநிறுத்தம் செய்யுங்கள். ஆனால் அரசையே ஏற்க மறுக்க அவை மட்டும் போதாது.

இந்த அளவுகோல் எனக்குப் பிடித்தவர்களையும் விடாது. 1972-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லி 1974-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் போராடினார். போராடியது சரி. ஆனால் உறுப்பினர்களை முற்றுகையிட்டு ராஜினாமா வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது வழி அடைபடவில்லை. ஜூன் 25 இரவுக்குப் பிறகு கதையே வேறு.

கிளர்ச்சி என்றதும் கத்தி, தீப்பந்தம் என்று கற்பனை செய்ய வேண்டாம். தணிக்கைக்கு எதிராக இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டதே, அதுவும் பணிய மறுத்ததுதான். நோக்கம் அடைத்த வழியைத் திறப்பது, அவ்வளவே. திறந்ததும் நாற்காலி யாருக்கு என்பதை ஓட்டு தீர்மானிக்கட்டும். இறக்கிவிட்டு அதே நாற்காலியில் ஓட்டில்லாமல் உட்காருகிறவனை எதிர்க்கவும் இதே உரிமை நமக்கு உண்டு.

ஜெர்மனி 1968-ல் இதைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது: சட்ட ஒழுங்கமைப்பையே ஒழிக்க முயல்பவரை, வேறு வழி இல்லாதபோது, எதிர்க்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. ஹிட்லரைப் பார்த்த நாடு அது. நாம் எழுதிக்கொள்ளவில்லை. பரவாயில்லை, அம்பேத்கர் பேச்சையாவது முழுசாகப் படிப்போம்.