லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் யாருக்கு?

வல்லரசு நாடுகள் அடுத்த நாட்டில் மூக்கை நுழைக்கும்போது ஏதாவது ஒரு நல்ல காரணம் சொல்வது வழக்கம். ஜனநாயகம் என்பார்கள், கம்யூனிஸ அபாயம் என்பார்கள், பயங்கர ஆயுதம் என்பார்கள். ஆனால் அந்த மண்ணுக்கடியில் எண்ணெய் இருந்தால், அவர்கள் சொல்லும் காரணத்தை நம்புவதற்கு முன் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஈரானை எடுத்துக்கொள்வோம். 1901-இல் அந்நாட்டு மன்னர், டார்சி என்பவருக்கு எண்ணெய் எடுக்கும் உரிமையை 60 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ஈரானுக்குக் கிடைத்தது 20,000 பவுண்டு ரொக்கம், அதே மதிப்புள்ள பங்குகள், ஆண்டு நிகர லாபத்தில் 16 சதவீதம். 1908-இல் எண்ணெய் பீறிட்டது. 1909-இல் ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய்க் கம்பெனி பிறந்தது. 1914-இல் பிரிட்டிஷ் அரசே அதில் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வாங்கியது.

சரி, நிகர லாபம் எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? கம்பெனிதான்! கணக்குகளைப் பார்க்க விடுவதில்லை என்பது ஈரானின் நெடுநாள் குறை. தணிக்கை இல்லாத லாபப் பங்கீடு எப்படி இருக்கும் என்று காமர்ஸ் படிக்கும் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1933-இல் ஒப்பந்தம் மாற்றப்பட்டது, காலக்கெடுவும் 1993 வரை நீண்டது. ஆனாலும் 1950-இல் கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசு வசூலித்த வரி, எண்ணெய்க்குச் சொந்தக்கார நாடான ஈரான் பெற்ற தொகையைவிட மிக அதிகம். அதே ஆண்டு சவுதி அரேபியா அமெரிக்கக் கம்பெனிகளிடம் பாதிக்குப் பாதி பங்கு வாங்கிவிட்டது.

1951-இல் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. முகமது மொசாதெக் பிரதமரானார். நஷ்டஈட்டுக்காக வருமானத்தில் 25 சதவீதம் வரை ஒதுக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. 1947-இல் தன் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய பிரிட்டன், ஈரான் அதையே செய்தபோது திருட்டு என்றது! உலக நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1952-இல் நீதிமன்றம் கைவிரித்தது. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கம் நின்றவர்களில் பிரிட்டிஷ் நீதிபதி ஒருவரும் உண்டு.

சட்டம் கைகொடுக்காதபோது சதி வந்தது. 1953 ஆகஸ்ட் 19 அன்று, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் பணத்தோடும் திட்டத்தோடும் ஈரான் ராணுவத்தைக் கொண்டே மொசாதெக் கவிழ்க்கப்பட்டார். தன் பங்கை சி.ஐ.ஏ. ஆவணங்கள் 2013-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. கம்யூனிஸ பயம் என்ற விளக்கத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 1954-இல் அமைந்த புதிய கூட்டமைப்பைப் பாருங்கள். பழைய கம்பெனிக்கு 40 சதவீதம். அதுவரை ஈரான் எண்ணெயில் ஒரு சதவீதம்கூட இல்லாத அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் 40 சதவீதம்!

பலன்? ஷாவின் சர்வாதிகாரம், சாவாக் என்ற ரகசியப் போலீஸ், 1979 புரட்சி, 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்கள். எந்த எண்ணெய்க்காக இத்தனையும் நடந்ததோ, அதுவும் கைவிட்டுப் போனது.

இருந்தும் பாடம் படிக்கவில்லை. 2003 மார்ச்சில் ஈராக்கில் படைகள் நேரடியாகவே இறங்கின. சதாம் கொடுங்கோலர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1988-இல் அவர் ஹலப்ஜாவில் விஷவாயு வீசிய காலத்தில் அமெரிக்கா அவர் பக்கம்தான் நின்றது. படையெடுப்புக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவே இல்லை. பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது, எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்க வீரர்கள் காவல் இருந்தார்கள்.

"எண்ணெய் இல்லாமல் உலகம் ஓடுமா? அதைப் பாதுகாக்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் வைத்திருக்கும் நாடு அதைக் குடித்துவிட்டா படுக்கப் போகிறது? விற்றால்தான் அதற்குச் சோறு. 2009-இல் ஈராக் ருமைலா எண்ணெய் வயலை ஏலம் விட்டபோது, பிரிட்டிஷ் கம்பெனியோடு சேர்ந்து ஒப்பந்தத்தைப் பெற்றது சீன அரசுக் கம்பெனி. சீனா அந்தப் போருக்கு ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை. ஏலத்தில் விலை கேட்டது, கிடைத்தது. அவ்வளவுதான்!

ஆகவே போரால் காக்கப்படுவது யாருக்கு எவ்வளவு லாபம் என்ற பங்கீடு மட்டுமே. அந்த லாபம் கம்பெனியின் ஏட்டில் வரவாக ஏறுகிறது. செலவை வரி கட்டுபவர்களும், போருக்குப் போன ஏழை வீட்டுப் பிள்ளைகளும், குண்டு விழுந்த ஊர் மக்களும் சுமக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. செலவை மறைத்து எழுதிய கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நாம் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?