பொண்ணு ஓகே, பீஸ் ஓகே

பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’ பெரும்பாலும் பெண்கள் வேலை. தைத்து வந்த துணியை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஊசித் துளை விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஓகே, ஒரு பக்கம் ஆல்ட்ரேஷன், ஒரு பக்கம் ரிஜெக்ட். எங்கள் கணியூரிலிருந்தும் கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கமிருந்தும் காலையில் கம்பெனி பஸ் ஏறி அவிநாசிக்கும் திருப்பூருக்கும் போகிற பெண்களில் பலர் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் ஓகே சொல்கிறார்கள். ஆனால் அந்த ஓகே அவர்களுடையது அல்ல. அவர்களுக்கு மேலே க்யூசி, அவருக்கு மேலே மெர்ச்சண்டைசர், எல்லாருக்கும் மேலே கடல் தாண்டி ஒரு பையர். பையர் ஏற்கெனவே ஓகே செய்துவிட்ட சாம்பிளைப்போல இது இருக்கிறதா என்று ஒப்புநோக்குவது மட்டுமே இவர்களுக்கு விடப்பட்டிருக்கிறது.

அதே பெண்ணை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். காபி குடித்துவிட்டுப் போன பிறகு தரகர் போன் செய்கிறார்: “பொண்ணு ஓகேங்க.” பீஸுக்கு எந்தச் சொல்லோ அதே சொல்.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. ஆங்கிலச் சொல் தமிழுக்குள் தனியாக வினையாவதில்லை. ‘பண்ணு’ என்றோ ‘ஆகு’ என்றோ ஒரு துணையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். ‘பண்ணு’ வந்தால் செய்கிறவர் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். ‘ஆகு’ வந்தால் ஆளே தேவையில்லை, காரியம் தானாக நடந்ததுபோல் இருக்கும். பையர் சாம்பிளை ஓகே பண்ணுகிறார். சாம்பிள் ஓகே ஆகிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை ஓகே பண்ணுகிறார்கள். பெண் ஓகே ஆகிறாள். திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: ‘பொண்ணு பையனை ஓகே பண்ணிட்டா.’ கேட்ட மாத்திரத்தில் இது வீட்டுக்குத் தெரியாத விவகாரம் என்று நம் காது முடிவு கட்டிவிடுகிறது. இது வெறும் இலக்கணத்தோடு நிற்பதுமில்லை. 2016 மார்ச் 13 அன்று, திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா சாதி தாண்டித் தன் துணையைத் தானே தேர்ந்துகொண்டதற்கான தண்டனை அது. எழுவாயாக நின்றதற்குத் தண்டனை.

இப்படிப் பேசினால் எங்கள் துறை நண்பர்கள் உடனே மகிழ்ந்துபோகிறார்கள். ஆங்கிலத்தை விட்டொழித்து ‘நன்று’, ‘சிறப்பு’, ‘அருமை’ என்று சொன்னால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆகாது. பாராட்டுச் சொல்லை நாம் எப்போதும் அதிகாரம் இருக்கும் இடத்திலிருந்துதான் கடன் வாங்கியிருக்கிறோம். ‘சபாஷ்’ பாரசீகம், தர்பாரிலிருந்து இறங்கி வந்தது. ‘பரவாயில்லை’ என்று அரைமனதாகப் பாராட்டுகிறோமே, அதிலிருக்கும் ‘பரவா’வும் பாரசீகம்தான். இப்போது அதிகாரம் ஆங்கிலத்தில் இன்வாய்ஸ் போடுகிறது, பாராட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. (ஓகே பிறந்த கதையே ஒரு கேலி. 1839இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்றில், ‘எல்லாம் சரி’ என்பதற்கான ஆங்கிலத்தை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளைச் சுருக்கிப் போட்டார்கள். எங்கள் செக்கிங் மேசையில் அது ரிஜெக்ட் ஆகியிருக்கும்.) ஆங்கிலமே கலக்காத பெயர் வேண்டுமென்றால் ‘சுமங்கலித் திட்டம்’ இருக்கிறது. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, பதின்வயதுப் பெண்களை மூன்று வருடம் ஸ்பின்னிங் மில் விடுதிகளில் அடைத்துவைத்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர். எவ்வளவு மங்களமான சொல்!

ஆக, சொல் எந்த மொழி என்பதை விடுங்கள். யார் யாருக்குச் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

மணமகள் தேவை விளம்பரங்களில் ‘ஹோம்லி’ என்று போடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால், பார்க்க லட்சணமில்லாதவள் என்று பொருள். நம்மூரில் உயர்ந்த பாராட்டு: சமைப்பாள், எதிர்த்துப் பேசமாட்டாள், வேலைக்குப் போனாலும் ஏடிஎம் கார்டை வீட்டில் கொடுத்துவிடுவாள். ‘நைஸ்’ இன்னும் சுவாரஸ்யம். அறியாதவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கிளம்பி, இடைக்கால ஆங்கிலத்தில் ‘முட்டாள்’ என்று புழங்கிவிட்டுப் பிறகுதான் அது இனிமையானது. நம் பெண்கள் இந்தச் சரித்திரம் எதையும் படிக்காமலே அதன் உள்குத்தைப் பிடித்துவிட்டார்கள். தமிழில் ‘நைஸ் பண்றது’ என்றால் பாராட்டிப் பேசிக் காரியம் சாதிப்பது. அகராதிக்காரர்கள் எவரும் இவ்வளவு கச்சிதமாக அதை வரையறுத்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் செக்கிங் வேலைக்குப் போகிற ஒருத்தி சொன்னாள்: “சூப்பர்வைசர் வந்து ‘வெரி குட்மா’ன்னார்னா, அன்னைக்கு வீட்டுக்கு லேட்டுத்தானுங்க்கா.” ஷிப்மென்ட் நெருங்க நெருங்க ‘வெரி குட்’, ‘சூப்பர்’ எல்லாம் கூடும். பீஸ் ரேட் கூடாது.

எழுதுகிற பெண்களுக்கும் இப்படி ஒரு சொல் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்: ‘போல்ட்’. உடலைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டால் போதும், மேடையை விட்டு இறங்கும்போதே “ரொம்ப போல்ட் மேடம்” என்பார்கள். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது எழுந்த ஏச்சுகளைவிட இந்தப் பாராட்டு எனக்குப் பெரிய தொல்லை. ஏசியவரோடு சண்டை போடலாம். போல்ட் என்றவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. படிமம் எப்படி, சொல்லாட்சி எப்படி என்று அவர் பார்க்கவேயில்லை. எல்லையைத் தாண்டினாய் என்று குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். எல்லைக்கல் யார் நட்டது?

இந்த ஓகேக்களில் மிகப் பெரியது சான்றிதழ். தணிக்கை வருகிறது என்றால் கழிப்பறை கழுவப்படும், மாஸ்க் விநியோகமாகும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குப் பாடம் நடக்கும். ‘கம்ப்ளையன்ஸ் ஓகே.’ கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்ட்டில் எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று அங்கே 250க்கும் மேற்பட்டவர்கள் தீயில் செத்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சரி. ஆனால் ஜன்னல்களில் கம்பி போட்டு வாசல்களைப் பூட்டிவைத்திருந்த கட்டடத்துக்குத்தான் சில வாரங்களுக்கு முன் ஓகே சொல்லியிருந்தார்கள். அந்த ஓகேயைக் கேட்கும்போது உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பொருட்டாக யாரும் எண்ணவில்லை.

திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஓர் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். வெளிநாட்டு பிராண்டுகளின் ஆர்டர்களைத் தைத்துக்கொண்டிருந்த ஆலை அது. அதன் பிறகு, பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவை தனியே கையெழுத்திட்டன. தளத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவிப்பது அதில் ஒரு பகுதி. மீறினால் பிராண்டுகள் வியாபார நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது இன்னொரு பகுதி. துணியை மட்டுமே ரிஜெக்ட் பண்ணத் தெரிந்தவளாக நடத்தப்பட்ட பெண், மேலாளின் கையை, பேச்சை, பார்வையை ரிஜெக்ட் பண்ணலாம். பண்ணினால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். இங்கே ‘பண்ணு’வுக்கு எழுவாய் அவள்.

ஒப்பந்தம் போட்ட கம்பெனிக்குத் தலைமையிடம் திருப்பூர். ஒப்பந்தம் திண்டுக்கல் ஆலைகளுக்காகப் போடப்பட்டது. கணியூரில் காலை பஸ் ஏறுகிற செக்கிங் பெண்கள் அதில் இல்லை.