நான்காவது பிள்ளை வரும்போது: காலைநேரப் பராமரிப்பு இனியும் வெறும் உதவியல்ல

தீபகற்ப மலேசியாவில் சூரியன் எழுவது ஏழு மணியை ஒட்டித்தான். சபா, சரவாக் நேரத்துக்கு இணையாக 1982 ஜனவரி 1-ஆம் தேதி கடிகாரம் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டதிலிருந்து, இங்கே காலை வேலைகள் இருட்டிலேயே தொடங்குகின்றன. ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவர் ஆறு மணிக்கெல்லாம் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியாக வேண்டும். பள்ளி மணி அடிப்பதோ ஏழரை மணிவாக்கில். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் பிள்ளையை யாரிடம் விடுவது?

மலிவு விலை அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் பெரும்பாலும் இதற்குப் பதில் பக்கத்து வீட்டு அக்காதான். அவர் பிள்ளைக்கு முகம் கழுவி, பசியாற வைத்து, சீருடை போட்டுப் பள்ளி வேனில் ஏற்றி விடுகிறார். கூலி என்று எதையும் பேசுவதில்லை, மாதக் கடைசியில் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். இது உதவியா, தொழிலா என்பதை இருதரப்பும் தெளிவாகச் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் நஷ்டப்படுவது அந்த அக்கா மட்டுமல்ல, பிள்ளையும்தான்.

ஆயாக் கொட்டகைக்குப் பிறகு

தோட்டப்புறத்துக்கு இந்தத் தேவை புதிதல்ல. விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். தொழிலாளியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பது அங்கே நடைமுறையாக இருந்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அந்தப் பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. பாட்டி உடன் இருக்கும் வீடுகள் தப்பித்தன. மற்றவர்களில் பலர் வேலையை விட்டனர், அல்லது பிள்ளைகளைத் தனியாக விட்டுச் சென்றனர். தகுந்த கண்காணிப்பின்றிச் சிறுவரை விட்டுச் செல்வது 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின்படி குற்றம். இதை அறியாத பெற்றோர் இன்றும் உண்டு.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, ‘என் வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை மணி நேரம்?’ என்பதைத்தான்.

நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையங்கள் சட்டம் பொருந்தும். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொண்டால், அந்த வீடு சமூகநலத் துறையில் ‘தஸ்கா’வாகப் பதிவு பெற வேண்டும். பத்துக்குக் குறைவாக இருந்தால் அது வீட்டுத் தஸ்கா. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பராமரிப்பாளர் எண்ணிக்கைக்கும் விதி உண்டு.

நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையங்கள் சட்டம் இருக்கிறது. அதிலும் எண்ணிக்கை நான்கில்தான் தொடங்குகிறது. ஆனால் பகல்நேர மையம் என்பதற்கு அது வேறொரு வரம்பும் வைத்திருக்கிறது: சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் குறைந்தது மூன்று நாள்.

சிக்கல் இங்கேதான். ஐந்தரைக்கு வந்து ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இந்த வரம்புக்குள் வருவதில்லை. அதே பிள்ளை பள்ளி முடிந்து மாலை வரை அங்கேயே இருந்தால் வந்துவிடுகிறது. பிற்பகல் பள்ளிக்குப் போகிறவன் காலை முழுவதும் அங்கே இருந்தாலும் அப்படித்தான். காலைநேர உதவி என்று தொடங்கியவர் ‘மதியத்துக்கும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வேண்டுகோளுக்குச் சரி சொல்லும்போது, தெரியாமலேயே பதிவு தேவைப்படும் இடத்துக்குள் நுழைந்துவிடுகிறார்.

காலை ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறவருக்குச் சட்டத்தின் தொல்லை இல்லை என்று நிம்மதி அடையலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்த வீட்டைப் பார்வையிட யாரும் இல்லை என்பதும் அதன் மறுபக்கம். சமையல் எரிவாயுத் தோம்பு எங்கே இருக்கிறது, பால்கனிக்குக் கம்பி இருக்கிறதா, வீட்டில் வேறு யார் தங்கியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பெற்றோர்தான் கேட்டறிய வேண்டும். அப்படிக் கேட்டால் அது சந்தேகமல்ல. கேட்கப்பட்டவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 150 ரிங்கிட் என்றால் வரவு 450. ஒரு பிள்ளையின் பசியாறலுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட் என வைத்தால், 20 பள்ளி நாள்களுக்கு 180 ரிங்கிட் செலவு. மிச்சம் 270. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என மாதம் 40 மணி நேர உழைப்பு. ஆக, ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 6 ரிங்கிட் 75 சென். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேரக் கூலியே 8 ரிங்கிட் 72 சென்.

அதே மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 ரிங்கிட் வாங்கினால் மணிக்கு 10 ரிங்கிட் 50 சென் நிற்கும். 150 ரிங்கிட்டிலேயே ஐந்து பிள்ளைகளை எடுத்தால் 11 ரிங்கிட் 25 சென். விலையைச் சொல்லத் தயங்குகிறவர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். எண்ணிக்கை கூடும்போது கவனம் குறைகிறது. ஆகவே நியாயமான கட்டணம் பராமரிப்பவருக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் பாதுகாப்பு.

பள்ளி விடுமுறையையும் மறக்கக் கூடாது. நீண்ட விடுமுறையில் வருமானம் அப்படியே நின்றுவிடும். இடத்தைப் பிடித்து வைக்க அரைக் கட்டணம் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் உறவும் கெடாது.

தொடங்குவோர் செய்ய வேண்டியவை

தனிநபர் வணிகத்தை மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். தெக்குனின் ‘ஸ்பூமி’, அமானா இக்தியாரின் ‘பெண்’ போன்ற கடன் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் காலைநேரப் பராமரிப்புக்குப் பெரிய முதல் தேவையில்லை. பாய், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், தட்டு குவளை ஆகியவற்றுக்குக் கடன் வாங்கித் தொடங்குவது தேவையற்ற சுமை.

அடுக்குமாடியில் குடியிருப்பவர் வீட்டு உரிமையாளரிடமும் கட்டட நிர்வாகத்திடமும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு சொந்தக் காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். அதற்குத் தனி உரிமம் தேவை, விபத்து நேர்ந்தால் சாதாரணக் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொலைபேசி எண், பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர் யார் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளையின் உடலில் காயமோ துன்புறுத்தலின் அடையாளமோ தெரிந்தால், அதைச் சமூகநல அதிகாரியிடம் தெரிவிப்பது பராமரிப்பாளரின் சட்டக் கடமை.

நான்காவது பிள்ளைக்குச் சரி சொல்வதற்கு முன் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது புத்திசாலித்தனம். பதிவு பெற்ற தஸ்காவுக்குக் கட்டும் கட்டணத்துக்கு, ஆறு வயது வரையிலான பிள்ளைகளின் பெற்றோர் 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்குக் கோரலாம். பதிவு எண் இருந்தால் அதைக் காட்டியே நியாயமான விலை கேட்க முடியும். தனக்கென்று சேமிக்க ஊழியர் சேம நிதியின் ‘ஐ-சாரான்’ திட்டமும் உண்டு. சொந்தத் தொழில் செய்வோர் செலுத்தும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, சேர்த்துக் கொடுக்கிறது.

விடுபட்ட ஒன்றரை மணி நேரம்

பெண்கள் வேலைக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் பேசப்படுகிறது. ஆயினும் பேச்சு பெரும்பாலும் கைக்குழந்தையைப் பற்றியும் பள்ளி முடிந்த பின் உள்ள நேரத்தைப் பற்றியும்தான். பள்ளிக்கு முன் உள்ள நேரத்துக்கு எளிய பதிவு முறை ஒன்றும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றும் இருந்தால், இப்போது சத்தமில்லாமல் நடக்கும் வேலை வெளிச்சத்துக்கு வரும்.

அரசாங்கத்துக்காகக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. தோட்டத்திலிருந்து நகருக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிள்ளைகள் தொலைவிலிருந்து வருகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளி நிர்வாகத்துடன் பேசி, சிற்றுண்டிச் சாலையை ஆறு மணிக்கே திறந்து, சம்பளத்துக்கு இரண்டு தாய்மார்களை அமர்த்தலாம். அதற்கும் வழியில்லாத இடங்களில், பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்த மாதமே கட்டணத்தையும் நேரத்தையும் பேசி எழுதிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.