காய்ப்புழுவும் ஒரு மண் பாக்டீரியாவும்: வேளாண் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழக வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

மரபணு மாற்றுப் பயிர் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்கு அது விஷம், இன்னொன்றுக்கு அதுதான் விமோசனம். இந்த வழக்குக்கே மூலமான பாக்டீரியாவை இரண்டு தரப்பும் மறந்துவிட்டன. பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ், சுருக்கமாக பி.டி., சாதாரணமாக மண்ணில் கிடக்கிற ஒன்று. அதை வைத்து உங்கள் துறை செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்த காரணத்தைத் தேடிய ஷிகெடானே இஷிவாடா 1901இல் இதை முதலில் கண்டார். பத்து ஆண்டு கழித்து, ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் எர்ன்ஸ்ட் பெர்லினர் இதைக் கண்டு, அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். 1938இல் பிரான்ஸில் பூச்சிமருந்தாகக் கடைக்கு வந்துவிட்டது. கொசுப்புழுவைக் கொல்லும் இதன் இன்னொரு வகையை, பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே தயாரித்துக் காட்டியிருக்கிறது.

இந்த பாக்டீரியா வித்தாக மாறும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. இலையோடு அதைத் தின்ற புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். படிகம் அங்கே கரைந்து, நச்சாக மாறி, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்த நச்சு ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் இல்லை. அதனால்தான் ரசாயனத்தைத் தொடாத இயற்கை விவசாயிகளும் இதைத் தெளிக்கிறார்கள்.

தெளித்த நஞ்சு வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். புழுவுக்கு அது எப்போதோ ஒரு முறை வந்துபோகும் ஆபத்துதான். அதே புரதத்தைச் செய்யும் மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டால், முளைவிட்டது முதல் கடைசி எடுப்பு வரை புழு தினமும் அதைச் சந்திக்கிறது. தாங்கிப் பிழைத்த ஒன்றிரண்டு மட்டும் ஒன்றோடொன்று கூடிப் பெருகும். செடிக்குள் வைத்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. வைத்தால் காவலும் போட வேண்டும். அந்தக் காவலைத்தான் நாம் போடவில்லை.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. பச்சைக் காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து நிஜமாகவே குறைந்தது. அதை மறுப்பவர்கள் யாரும் அந்தக் காலத்தில் முதுகில் டேங்க் சுமந்தவர்களாக இருக்க மாட்டார்கள். 2006இல் இரட்டை மரபணு விதை வந்தது. ஆனால் 2010இலேயே, குஜராத்தில் முதல் மரபணுவை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டதை மான்சாண்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2015 வாக்கில் இரட்டை மரபணுவும் அங்கே எடுபடவில்லை. 2017இல் மராட்டிய மாநிலத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்து, 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். மருந்தைக் குறைக்கத்தான் இந்த விதை வந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருப்பது வெளியே தெரியாது. நுழைந்த துளை மூடிக்கொள்ளும், காய் பச்சையாகக் கொழுகொழுவென்று நிற்கும். பிளந்து பார்த்தால் ஒரு சுளை வெள்ளை, பக்கத்துச் சுளை பழுப்பேறி ஒட்டிக்கிடக்கும், விதைக்குள் புழு சுருண்டிருக்கும். காயை உடைத்துப் பார்க்காமல் செடியைப் பார்த்து மருந்து சொல்கிற கடைக்காரரிடம்தான் எங்கள் ஆலோசனை மையம் நடக்கிறது.

அமெரிக்காவிலும் அதே புழு, அதே மரபணு. அங்கே அரிசோனா விவசாயிகள் பி.டி. இல்லாத பருத்தியை ஒரு பங்கு சேர்த்து விதைத்தார்கள். பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, 2018இல் பருத்தி விளையும் பகுதிகளில் அந்தப் புழுவே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இங்கேயும் சட்டத்தில் குறை இல்லை. 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் வந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது 20 சதவீதம், இதில் எது அதிகமோ அதை விதைக்க வேண்டும். அந்த வரிசைகளில் பிழைக்கும் சாதாரண அந்துப்பூச்சிகள், நஞ்சைத் தாங்கும் பூச்சிகளோடு கூடினால் குஞ்சுகளுக்கு அந்தத் தாங்கும் திறன் பெரும்பாலும் வராது. இதை விவசாயியிடம் விளக்க ஆளில்லை. புழு தின்னட்டும் என்று நாலு வரிசை விட எவனுக்கு மனசு வரும்? பொட்டலம் வரப்போரம் கிடந்தது. இப்போது இரண்டையும் ஒரே பையில் கலந்து தருகிறார்கள். பையில் சொன்ன விகிதம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் உங்கள் விதை ஆய்வாளர். அந்தச் சோதனை முடிவுகளை மாவட்டவாரியாக வெளியிடச் சொல்லுங்கள்.

அடுத்தது பருத்தி மார். விலை கொஞ்சம் ஏறினால் தை, மாசி தாண்டியும் செடியை விட்டுவைக்கிறோம். பிடுங்கிய மாரை விறகுக்காக வீட்டோரம் படப்பு போடுகிறோம். வெடிக்காத காய்களோடு புழுவும் அங்கேயே தங்கி அடுத்த பட்டத்துக்குத் தயாராகிறது. மாரைத் தூளாக்கி உழவில் சேர்க்கும் இயந்திரத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் பாதிச் சண்டை முடியும். இதற்குப் புதிய மரபணு எதுவும் தேவையில்லை.

தெளிப்பு மருந்துக்கு வருகிறேன். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி என்று நுண்ணுயிர் மருந்துகளை வேளாண் டெப்போவில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அளவுக்கு விவசாயிகள் பழகிவிட்டார்கள். பி.டி. தெளிப்புக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது இது எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும். தெளித்த சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும், சாக மட்டும் இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் வந்து குருத்தைப் பிரித்து, உயிரோடு கிடக்கிற புழுவைப் பார்த்துவிட்டு, “மருந்து கேக்கலை” என்று கடைக்கு ஓடுகிறோம். பொறுத்திருக்கச் சொல்லவும், புழு சிறிதாக இருக்கும்போதே வெயில் தாழ்ந்த பிறகு குருத்துக்குள் இறங்கும்படி அடிக்கக் காட்டவும் உதவி வேளாண்மை அலுவலர் வயலுக்கு வர வேண்டும். பாட்டிலைச் சூடான தகரக் கொட்டகையில் அடுக்கினால் வீரியம் போய்விடும், அதையும் கவனிக்கச் சொல்லுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மல்பெரித் தோட்டத்தை ஒட்டி இதை அடிக்கவே கூடாது. இந்த பாக்டீரியா முதலில் கொன்றது பட்டுப்புழுவை.

பி.டி. கத்தரி மறுபடி வரலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு 1 போன்ற நம் ரகங்களிலேயே அந்த மரபணுவைச் சேர்த்தது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2014 முதல் பயிரிடுகிறது. அதை உண்ணலாமா என்ற விவாதம் நடக்கட்டும். விவசாயியாக என் கேள்வி வேறு: காய்த்துளைப்பான் அந்த நஞ்சுக்குப் பழகாமலிருக்க யார், எந்த ஊரில், எப்படிக் கண்காணிப்பார்கள்? பருத்தியில் செய்யாததைக் கத்தரியில் செய்வோம் என்று வெறும் வாயால் சொன்னால் நம்ப முடியவில்லை.

ஆவணி விதைப்புக்கு முன் விதைப் பைகளைச் சோதித்து முடிவை வெளியிடுங்கள். மார் தூளாக்கும் இயந்திரத்தையும் தரமான பி.டி. தெளிப்பையும் வட்டாரந்தோறும் கிடைக்கச் செய்யுங்கள். இவற்றுக்கு டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை, உங்கள் ஆணை போதும்.

இப்படிக்கு,
ஒரு பருத்தி, மக்காச்சோள விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்.